செயற்கை வால்வும் நோய்க்கிருமியும்
(பாவூர்சத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்னும் மரபுக்கும் நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் வியாதிக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் தியோடர் கூல்ஸ்டன் என்னும் வைத்தியர் 1632-ஆம் ஆண்டில் காலமானபோது, ஆண்டுதோறும் இளம் வைத்தியர் ஒருவர் ஏதேனும் ஒரு நோயை ஆராய்ந்து சபையில் உரைநிகழ்த்த வேண்டும் என்னும் கருத்துடன், லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரிக்கு 200 பவுன் எழுதிவைத்துப் போனார். அந்தத் தர்மத்தின் பயனாக, இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1885-இல், வயது 35 மட்டுமே நிரம்பியிருந்த வில்லியம் ஆஸ்லர் அந்தச் சபையில் மூன்று உரைகள் நிகழ்த்தினார். இருதயத்தின் உட்சவ்விலும் வால்வுகளிலும் கிருமி பற்றிக்கொண்டு மனிதனை அணு அணுவாகக் கரைக்கும் அந்நோயின் முழு உருவத்தை ஆங்கில மருத்துவ உலகம் ஒருங்கே கண்டது அந்த உரைகளில்தான். ஆஸ்லர் காலத்தில் அந்நோய்க்குப் பெயர் இருந்தது, லட்சணங்கள் தெரிந்திருந்தன, சிகிச்சைதான் இல்லை.

இன்று சிகிச்சை உண்டு. ஆனால், ஆஸ்லர் கண்டிராத புதிய இருப்பிடம் ஒன்றும் அந்நோய்க்கு வாய்த்திருக்கிறது. மனிதன் தன் கையால் செய்து மனிதன் மார்புக்குள் பொருத்திய செயற்கை வால்வே அது. அந்த வால்வில் கிருமி புகுந்தால் அதை எப்படிக் கண்டுகொள்வது, எப்படி வெல்வது என்பதே இன்றைய பொருள். நான் சொல்லப்போவதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நோயில் மருந்தின் வலிமை பாதி, காலத்தைக் கையாளும் விவேகம் பாதி. முதல் மருந்துக்கு முன்னே ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுக்கும் வரையில் பொறுப்பதும், மருந்து தொடங்கியபின் 6 வாரம் தளராமல் தொடர்வதும், கத்தி வேண்டிய வேளையில் ஒரு நாளும் தாமதியாமல் இருப்பதும் ஆகிய இந்த மூன்றும் அறிந்தவர் கையில் நோயாளி பிழைக்கிறார்.

1. வால்வின் வரலாறு

மனித இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ரத்தத்தை முன்னே செல்லவிட்டுப் பின்னே திரும்பவொட்டாமல் தடுப்பதே அவற்றின் கடமை. அக்கடமையை அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை, நாம் உறங்கும்போதும் ஓயாமல், செய்துவருகின்றன. நம் நாட்டில் அவை கெடுவதற்கு நெடுங்காலமாகப் பெருங்காரணமாய் இருந்துவருவது ருமாட்டிக் ஜுரம். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில், மூட்டு வீக்கமும் வலியுமாகத் தோன்றும் இந்த ஜுரம், மூட்டுகளை விட்டு நீங்கிய பின்னும் வால்வின் இதழ்களை விட்டு நீங்குவதில்லை. அவ்விதழ்கள் ஆண்டுக்கணக்கில் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுண்ணாம்பேறி, நல்ல வாலிபத்திலேயே மனிதரை மூச்சுவாங்க வைத்துவிடுகின்றன. மடியில் சொளகை வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பீடி சுற்றும் நம் பகுதிப் பெண்களிடம், அது உட்கார்ந்து செய்யும் தொழிலாதலால், இந்த மூச்சிரைப்பு வெகுகாலம் வெளித்தெரியாமலே கிடந்து, கர்ப்பம் தரித்தபோதுதான் வெளிப்படுகிறது என்று நான் எண்ணுவதுண்டு.

பழுதுற்ற வால்வுக்கு மாற்று ஒன்றைச் செய்யும் முயற்சியில் முன்னடி வைத்தவர் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹஃப்நாகல். 1952-இல் அவர் ஒரு குழாயும் அதனுள் ஒரு பந்துமாக அமைந்த வால்வை, இருதயத்துக்கு வெளியே, மகாதமனி கீழ்நோக்கி இறங்கும் பகுதியில் பொருத்தினார். இருதயத்துக்குள்ளேயே, பழைய வால்வு இருந்த ஸ்தானத்திலேயே வைக்கத்தக்க பந்து வால்வை 1960-இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் சஸ்திர வைத்தியரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தனர்.

அந்த ஹஃப்நாகலிடம் பயின்றவர்களுள் ஒருவர், மாவேலிக்கரையில் பிறந்த டாக்டர் எம். எஸ். வலியத்தான். திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் அளித்த கட்டடத்தில் திருவனந்தபுரத்தில் உருவாகிக்கொண்டிருந்த மருத்துவ நிலையத்தை நடத்தும் பொறுப்பு 1974-இல் அவரிடம் வந்தது. அதுவே இன்றைய ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம். இறக்குமதி வால்வின் விலையை நம் ஏழைகள் தாங்கமாட்டார்கள் என்பதைக் கண்ட வலியத்தானும் அவருடைய பொறியாளர்களும் நம் நாட்டிலேயே ஒரு வால்வைச் செய்ய முற்பட்டு, மூன்று வடிவங்கள் சோதனையில் தோற்றபின் நான்காவதில் வெற்றி கண்டனர். 1990 டிசம்பர் 6-ஆம் தேதி அது முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகச் சட்டம், அதனுள் சாய்ந்து திறந்து மூடும் பாலிஎதிலீன் தட்டு, சட்டத்தைச் சுற்றிப் பாலியெஸ்டர் துணியாலான தையல் வளையம்: இம்மூன்றே சித்ரா என்னும் அந்த வால்வின் அவயவங்கள். அதைத் தயாரிக்கும் பொறுப்பை டி.டி.கே. நிறுவனம் ஏற்றது, இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் அது பொருத்தப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் வலியத்தான் காலமானார். 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த செங்கோட்டையைக் கடந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே திருவனந்தபுரம் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்புவது நம் மக்களுக்குத் தலைமுறைப் பழக்கமாதலால், அந்த வால்வு தென்காசிச் சீமைக்கு அந்நியமான பொருளன்று.

உலோக வால்வன்றி, பன்றியின் வால்வையோ மாட்டின் இருதய உறையையோ பதப்படுத்திச் செய்யும் திசு வால்வுகளும் உண்டு. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் வார்ஃபரினோ, நம் மருந்துக்கடைகளில் அசிட்ரோம் என்னும் பெயரால் எல்லோரும் அறிந்த மாத்திரையோ உட்கொள்ள வேண்டும். திசு வால்வுக்கு அந்த நிர்ப்பந்தம் குறைவு, ஆயுளும் குறைவு. கிருமித்தொற்று என்னும் அபாயமோ இரண்டுக்கும் பொது.

2. கிருமி குடியேறும் விதம்

உயிருள்ள திசுவில் கிருமி நுழைந்தால், ரத்தக் குழாய்கள் வழியே வெள்ளணுக்கள் வந்து சூழ்ந்து அதை விழுங்க முயல்கின்றன. உலோகத்துக்குள்ளும் துணிக்குள்ளும் ரத்தக் குழாய் ஏது? சரீரத்தின் காவலர் எட்டாத அந்த இடத்தில், குறிப்பாகத் தையல் வளையத்தின் இழைகளுக்கிடையில், ஒரு கிருமி ஒட்டிக்கொண்டுவிட்டால், அது பெருகித் தன்னைச் சுற்றி ஒரு பிசுபிசுத்த படலத்தைச் சுரந்து, அதனுள் ஒடுங்கிக்கொள்கிறது. குற்றாலத்து அருவி எத்தனை வேகமாய் விழுந்தாலும் அதன் கீழுள்ள பாறையின் பாசி பெயர்ந்து போவதில்லை அல்லவா? அதுபோலவே, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் அந்த வால்வின் வழியே பாய்ந்துகொண்டிருந்தும் இப்படலம் கலைவதில்லை. படலத்துக்குள் இருக்கும் கிருமிகளுள் பல, பெருகுவதைக் குறைத்து மந்தமாய்க் கிடக்கின்றன. பெனிசிலின் போன்ற மருந்துகளோ பெருகும் கிருமியைத்தான் சுலபமாய்க் கொல்லும். சோதனைக் குழாயில் ஒரு நாளில் மடியும் கிருமி, வால்வின்மேல் வாரக்கணக்கில் பிழைத்திருப்பதன் ரகசியம் இதுவே.

செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்களில், அவர்கள் ஆயுட்காலத்தில், நூற்றுக்கு ஒருவர் முதல் ஆறு பேர் வரையில் இத்தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. அறுவை முடிந்த முதல் ஓராண்டுக்குள், அதிலும் முதல் சில மாதங்களில், அபாயம் மிகுதி. அக்காலத்தில் வருபவை பெரும்பாலும் மருத்துவமனையில் தொற்றியவை. மனிதத் தோலின்மேல் சாதுவாய் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும், அதைவிடக் கொடிய ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸும் அவற்றில் முதன்மையானவை. ஓராண்டு கழிந்தபின் வருபவற்றில் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் குடலில் வாழும் என்டரோகாக்கஸும் சேர்ந்துகொள்கின்றன. அபூர்வமாகக் காளான் இனத்தைச் சேர்ந்த கேண்டிடாவும் வரும்.

கிருமி ஒட்டாத வால்வையே செய்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்துபார்த்தார்கள். வெள்ளி கிருமிநாசினி என்பதை நம்பி, செயிண்ட் ஜூட் என்னும் அமெரிக்க நிறுவனம் 1997-இல் தையல் வளையத்துக்கு வெள்ளிப் பூச்சிட்டு ஒரு வால்வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தையல் வளையத்துக்குள் நோயாளியின் திசு வளர்ந்து பின்னிக்கொள்ள வேண்டும். அந்தத் திசு சரியாக வளராததால், வளையத்தின் ஓரத்தில் ரத்தம் கசியும் சம்பவங்கள் மிகுந்தன. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிறுவனமே வால்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பகைவனைத் தடுக்க இட்ட வேலி நண்பனையும் தடுத்துவிட்டது. அன்றுமுதல் வைத்தியர்கள் வால்வின் பூச்சைக் காட்டிலும் நோயாளியின் விழிப்பையே அதிகம் நம்பி வருகிறார்கள்.

3. ரத்தமே சாட்சி

இந்நோய் தன்னை அறிவித்துக்கொண்டு வருவதில்லை. விட்டுவிட்டு வரும் ஜுரம், குளிர், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு என்று சாதாரணக் காய்ச்சலின் வேடத்தில் வரும். சிலருக்கு நகத்தடியில் சிராய் பாய்ந்தாற்போன்ற செங்கோடுகளும், விரல் நுனியில் வலிக்கும் முடிச்சுகளும் தோன்றலாம். உலோக வால்வு வைத்தவர்கள் நிசப்தமான இரவில் தம் மார்பில் கேட்டுப் பழகிய சத்தம் மழுங்கியிருப்பதாகச் சொல்வதுண்டு. வால்விலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குப் போய், பக்கவாதமே முதல் அடையாளமாக வெளிப்படுவதும் உண்டு. ஆகவே, செயற்கை வால்வு உடையவருக்கு வரும் காரணந்தெரியாத எந்த ஜுரமும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், வால்வின் ஜுரமே என்று கருதுவது விவேகம்.

நிரூபிப்பது எப்படி? ரத்தத்தைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு, அதாவது மருத்துவமனைகளில் கல்ச்சர் என்று சொல்லும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். ஒருமுறையன்று, இடைவெளிவிட்டு, வெவ்வேறு நரம்பிலிருந்து, குறைந்தது மூன்று முறை, ஒவ்வொரு குப்பிக்கும் ஏறக்குறைய 10 மில்லிலிட்டர் வீதம் எடுக்க வேண்டும். தோல்வாழ் கிருமி ஒரு குப்பியில் மட்டும் முளைத்தால் அது ஊசி குத்திய இடத்து அசுத்தமாக இருக்கலாம்; மூன்றிலும் அதே கிருமி முளைத்தால் அது குற்றவாளியே.

இசை உலகம் அறிந்த ஜெர்மானிய மொழிச் சங்கீத மேதை குஸ்தாவ் மாலர் 1911-இல் நியூயார்க்கில் ஜுரத்தில் கிடந்தபோது, எமானுவேல் லிப்மன் என்னும் நிபுணரின் உதவியாளர் அவருடைய ரத்தத்தை எடுத்து வளர்த்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சில தினங்களிலேயே கண்டறிந்துவிட்டார். நோய் நிர்ணயம் துல்லியமாயிருந்தும் கொடுக்க மருந்தில்லாததால், அவ்வாண்டு மே 18-ஆம் தேதி மாலர் தம் 50-ஆம் வயதில் வியன்னாவில் காலமானார். நம் காலத்து விபரீதம் இதற்கு நேர்மாறானது: மருந்துகள் தெருத்தோறும் கிடைக்கின்றன; நிர்ணயம் தவறிப்போகிறது. காய்ச்சல் கண்டதும் மருந்துக்கடையில் நான்கு மாத்திரை, விடாவிட்டால் ஓர் ஊசி என்று பழகிவிட்டோம். அந்த நான்கு மாத்திரை வால்வின்மேலுள்ள படலத்தை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் மிதக்கும் கிருமியை மட்டும் சில தினங்கள் மறைத்துவிடும். ஜுரம் தணிந்தது என்று வீட்டார் மகிழ்வர். பின்னர் எடுக்கும் கல்ச்சரில் எதுவும் முளைக்காது. கிருமியின் பெயர் தெரியாமல் கொடிய மருந்துகளை ஊகத்தால் கொடுக்கும் நிலைக்கு வைத்தியர் தள்ளப்படுவார். நம் நாட்டில் கல்ச்சரில் கிருமி அகப்படாத நோயாளிகள் மிகுதியாயிருப்பதற்கு முக்கியமான காரணங்களுள் இது ஒன்று. ஆடுமாடுகளிலிருந்து தொற்றும் காக்ஸியெல்லா, புரூசெல்லா போன்றவை சாதாரணக் குப்பியில் எளிதில் அகப்படாமல் போவதும் உண்டு. கால்நடை வளர்ப்போர் அதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

வால்வை நேரில் காண எக்கோ பரிசோதனை உதவும். மார்பின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் உலோகத்தின் நிழல் மறைத்துவிடுவதால், செயற்கை வால்வுக்கு உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பின்புறமிருந்து பார்க்கும் எக்கோவே சிறந்தது. முதல் பரிசோதனையில் ஒன்றும் தென்படாமலிருந்து சந்தேகம் மட்டும் நீங்காவிட்டால், ஒரு வாரத்துக்குள் மீண்டும் பார்ப்பது வழக்கம். இவற்றையெல்லாம் ஒருங்கே சீர்தூக்கி நோயை நிர்ணயிக்க, 1994-இல் அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தார் வகுத்த அளவுகோல்கள் 2023-இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளன.

4. ஆறு வாரச் சிகிச்சை

1940-களில் பெனிசிலின் வந்தபின்தான் இந்நோயிலிருந்து மனிதர் பிழைப்பது சாத்தியமாயிற்று. இயற்கை வால்வில் தொற்று இருந்தால் சில வேளைகளில் நான்கு வாரம் போதும். செயற்கை வால்வுக்கு 6 வாரத்துக்குக் குறைந்து சிகிச்சை இல்லை. அதுவும் மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. ரத்தத்தில் கிருமி இல்லையென்று கல்ச்சர் சொன்ன முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. மருந்து பெரும்பாலும் நரம்பின் வழியே, குறித்த வேளைக்குக் குறித்த அளவாகச் செல்லும்.

எந்த மருந்து என்பதைக் கிருமியே தீர்மானிக்கிறது. வாய்வாழ் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பெனிசிலினோ செஃப்ட்ரையாக்சோனோ போதும். சிலபோது முதல் இரண்டு வாரம் ஜெண்டாமைசின் துணைசேரும். என்டரோகாக்கஸுக்கு ஆம்பிசிலினோடு ஜெண்டாமைசினையோ செஃப்ட்ரையாக்சோனையோ சேர்ப்பர். ஸ்டஃபிலோகாக்கஸ்தான் கடினமான பகைவன். பெனிசிலின் குலத்து மருந்துகளுக்கு அடங்காத வகையாயிருந்தால் வாங்கோமைசினும் ரிஃபாம்பிசினும் 6 வாரம், ஜெண்டாமைசின் முதல் 2 வாரம் என்று மூன்றும் சேர்ந்து போர்புரிய வேண்டும். இந்த மூன்று மருந்துகளின் பூர்விகமும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே. வாங்கோமைசின் போர்னியோக் காட்டிலிருந்து அனுப்பப்பட்ட மண்ணில் கிடைத்தது. ரிஃபாம்பிசினின் மூலப்பொருள் 1957-இல் பிரான்ஸ் நாட்டுத் தென்கடற்கரை மண்ணிலிருந்து மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கிட்டியது.

ரிஃபாம்பிசின் க்ஷயரோகத்துக்குக் கொடுக்கும் மருந்தென்பதும், சிறுநீரைச் சிவப்பாக்கும் என்பதும் நம்மில் பலர் அறிந்தவை. படலத்துக்குள் ஊடுருவி மந்தமாய்க் கிடக்கும் கிருமியையும் தாக்கும் சக்தியுடையதாதலால் செயற்கை வால்வுக்கு அது இன்றியமையாததாகிறது. ஆயினும் அதைக் கையாள்வதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தனித்துக் கொடுத்தால் கிருமி வெகு விரைவில் அதற்கு அடங்காததாய் மாறிவிடும். ஆகையால், பிற மருந்துகளால் ரத்தத்திலுள்ள கிருமித்தொகை குறையும் வரையில் சில தினங்கள் பொறுத்தே அதைச் சேர்ப்பர். மற்றது, அது கல்லீரலைத் தூண்டி, வார்ஃபரினையும் அசிட்ரோமையும் வேகமாய்க் கரைத்துவிடச் செய்கிறது. நேற்றுவரை போதுமாயிருந்த மாத்திரை இன்று போதாமற்போகும், ஐ.என்.ஆர். என்னும், ரத்தம் உறையும் தாமதத்தைக் காட்டும் அளவு இறங்கி, கிருமி போனாலும் ரத்தக்கட்டியால் வால்வு அடைபடும் அபாயம் எழும். அதற்காக மாத்திரையின் அளவைக் கூட்டுவர். ஆறு வாரம் முடிந்து ரிஃபாம்பிசின் நின்றபின், கல்லீரல் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டிய மாத்திரையை அப்போது குறைக்காவிட்டால் மூளையிலோ குடலிலோ ரத்தப்போக்கு நேரலாம். ஜெயித்துவிட்டோம் என்று வீடு திரும்பும் நோயாளி மிகவும் ஜாக்கிரதையாய் இருக்கவேண்டிய காலம் அந்த முதல் மாதமே, வாரந்தோறும் ஐ.என்.ஆர். பார்க்காமல் அதைக் கடப்பது தகாது. ஜெண்டாமைசின் செவியையும் சிறுநீரகத்தையும், வாங்கோமைசின் சிறுநீரகத்தையும் வருத்தக்கூடுமாதலால் அவற்றுக்கும் ரத்தப் பரிசோதனைகள் உண்டு.

ஆறு வாரமும் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டுமா என்னும் கேள்விக்கு டென்மார்க் நாட்டு வைத்தியர்கள் ஒரு விடை தேடினர். செயற்கை வால்வினர் உட்பட, இருதயத்தின் இடப்பக்கத்து வால்வுகளில் தொற்றுக் கண்டு, நரம்பு வழி மருந்தால் நிலை சீர்ப்பட்ட 400 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எஞ்சிய காலத்துக்கு இரண்டிரண்டு மருந்துகளை வாய்வழியே கொடுத்தனர்; 2018-இல் வெளியான முடிவின்படி, மாத்திரைப் பிரிவினர் ஊசிப் பிரிவினரைவிடப் பின்தங்கவில்லை. இது பெரும் ஆறுதல். எனினும் அங்கே குறைந்தது பத்து நாள் ஊசி முடிந்து, எக்கோவில் சீழ்க்கட்டி இல்லையென்று உறுதிசெய்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நோயாளியை வரவழைத்துப் பார்த்தார்கள் என்பதை மறந்து, மாத்திரையை மட்டும் இறக்குமதி செய்துகொள்வது ஆகாது.

5. கத்தியின் வேளை

மருந்து ஒன்றினாலேயே சிலர் குணமடைகிறார்கள். பலருக்கு இரண்டாவது சஸ்திர சிகிச்சை தேவைப்படுகிறது. கிருமித்தொற்று அடங்குமுன் கத்தி வைப்பது மரணத்தை அழைப்பதாகும் என்றே முன்னர் எண்ணியிருந்தனர். 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்து வைத்தியர்கள், தொற்று தீவிரமாயிருக்கும்போதே பழுதான வால்வை அறுத்தெடுத்து மாற்று வால்வு பொருத்தி நோயாளியைப் பிழைப்பித்து அக்கருத்தை மாற்றினர்.

எப்போது அறுப்பது என்பதே இன்றைய வைத்தியரின் மிகக் கடினமான விசாரணை. வால்வு தையலிலிருந்து நெகிழ்ந்து ரத்தம் பின்னொழுகி இருதயம் தளர்ந்தாலும், வளையத்தைச் சுற்றிச் சீழ்க்கட்டி உண்டானாலும், சரியான மருந்து கொடுத்தும் ஒரு வாரத்துக்கு மேல் கிருமி ரத்தத்தில் தொடர்ந்தாலும், பெரிய துணுக்கு வால்வில் ஊசலாடி, முன்னரே ஒருமுறை பிய்ந்து வேறோர் அவயவத்தை அடைத்திருந்தாலும், காளான் இனத்துக் கிருமியாயிருந்தாலும் தாமதம் பிராணாபாயம். சீழ்க்கட்டி இருதயத்தின் மின்னோட்டப் பாதைக்கு அருகே பரவுவதை ஒரு சாதாரண இ.சி.ஜி. தாளே காட்டிக்கொடுக்கும், ஆதலால் அந்தத் தாளை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதை அற்பமென்று கருதலாகாது.

இத்தனை முயன்றும், செயற்கை வால்வில் தொற்றுக் கண்டவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேர் வரையில் உயிரிழக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆகவேதான் இந்நோய், இருதய வைத்தியர், சஸ்திர வைத்தியர், கிருமியியல் நிபுணர் ஆகிய மூவரும் ஒரே கூரையின்கீழ்க் கலந்து முடிவெடுக்கும் பெரிய நிலையத்துக்குரியது. தனித்த ஒரு வைத்தியர், எத்தனை கெட்டிக்காரராயினும், அதைத் தம் கிளினிக்கில் வைத்துக்கொள்ளலாகாது.

6. வருமுன் காத்தல்

கிருமி ரத்தத்தில் புகும் பெருவாயில் பல்லும் ஈறுமே. பல் பிடுங்குவதற்கும் ஈற்றைக் கீறுவதற்கும் 30 முதல் 60 நிமிடம் முன்னதாக, செயற்கை வால்வு உடைய பெரியவர்கள் 2 கிராம் அமாக்சிசிலினை ஒரே தடவையாக உட்கொள்வது வழக்கு. பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு வேறு மருந்து உண்டு. இதைவிட முக்கியமானது தினந்தோறும் பல்லைச் செம்மையாய் வைத்திருப்பதும், ஆண்டுக்கு இருமுறையேனும் பல் வைத்தியரைப் பார்ப்பதும். தோலும் ஒரு வாயிலே. அலகு குத்திக்கொள்வதாகவும், பச்சை குத்திக்கொள்வதாகவும் எண்ணம் கொண்டவர்கள், வால்வு வைத்தபின் அதை விட்டுவிடுவதால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது. காலில் ஏற்படும் சிறு புண்ணையும் சீழ்க்கட்டியையும் உடனே காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவருக்குச் சதையில் போடும் ஊசி ரத்தக்கட்டை உண்டாக்கும். ஆதலால், காய்ச்சலுக்காக இடுப்பில் ஊசி கேட்பது இரட்டைப் பிழை.

இன்னும் அடியிலே சென்றால், ருமாட்டிக் ஜுரத்தைத் தடுத்தால் வால்வு மாற்றும் அவசியமே பலருக்கு நேராது. பள்ளிப் பிள்ளையின் தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கொடுப்பதும், ஒருமுறை அந்த ஜுரம் கண்ட பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சதைன் பெனிசிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போடுவதும், பின்னாளில் லட்சக்கணக்கில் ஆகும் செலவையும் சொல்லொணாத் துயரையும் தவிர்க்கும்.

7. இவ்வூர் செய்யத்தக்கவை

வால்வு மாற்றும் அறுவைச் செலவை அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கு ஏற்றுக்கொள்கிறது. அது பெரிய உபகாரம். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒரு தாய் 6 வாரம் கட்டிலில் கிடந்தால் அந்த ஆறு வாரக் கூலியை அத்திட்டம் தருவதில்லை. காய்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கும் அவள் கணவன் அவளோடு திருவனந்தபுரத்திலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ தங்கினால் அவன் கூலியும் போகிறது. நான்காம் வாரத்தில் ஜுரம் விட்டு, பசி எடுத்து, முகம் தெளிந்ததும், "நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்குப் போவோம்" என்று கையெழுத்திட்டுப் புறப்பட்டுவிடுபவர்களை அறியாமையுடையவர்கள் என்று பழிப்பது சுலபம். அவர்களைப் புறப்படவைப்பது அறியாமையைவிட வறுமையே. படலத்தில் எஞ்சிய கிருமி மீண்டும் பெருக, விடுபட்ட அந்த இரண்டு வாரம் போதும்.

ஆகவே இவ்வறக்கட்டளையாரிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். நம் வட்டாரத்தில் செயற்கை வால்வு உடைய ஒவ்வொருவருக்கும், எந்த வால்வு, எந்தத் தேதியில், எந்த நிலையத்தில் பொருத்தப்பட்டது, ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும் என்பவற்றோடு, "ஜுரம் வந்தால் ரத்தக் கல்ச்சர் எடுக்காமல் மருந்து தர வேண்டாம்" என்னும் ஒரு வரியையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதை வைத்தியரிடம் நீட்டினால் போதும். இரண்டாவதாக, கல்ச்சர் குப்பிகள் இங்கேயே எப்போதும் இருப்பிலிருக்கவும், எடுத்த ரத்தம் அன்றே தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலிக்கோ போய்ச்சேரவும் ஓர் ஏற்பாடு செய்யுங்கள். குப்பியின் விலை அற்பம், அது இல்லாமையின் விலை ஓர் உயிர். மூன்றாவதாக, ஆறு வாரச் சிகிச்சையில் இருப்பவரின் குடும்பத்துக்கு அந்த ஆறு வாரத்துக்கும் படியளக்க ஒரு சிறு நிதியை ஒதுக்குங்கள். சிகிச்சையின் கடைசி இரண்டு வாரத்தை வாங்கிக் கொடுப்பது வாங்கோமைசினன்று, அந்தப் படியரிசியே.

ஒரு வைத்தியர் விட்டுச்சென்ற 200 பவுன், இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து ஒரு நோயை உலகம் அறிந்துகொள்ளக் காரணமாயிற்று. இவ்வூர்ப் பெரியோர் வைத்த பொருளோ அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த காய்ச்சல் காலத்துக்கு முன்னரே பயன் தரலாம்.  உங்கள் வீட்டிலோ தெருவிலோ வால்வு வைத்துக்கொண்டவர் இருந்தால், இன்றைக்கே போய் அவரிடம் கல்ச்சர் என்னும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவையுங்கள்.